ஆறாம் வார்டின் புகை

ஆஸ்பத்திரியின் ஆறாம் வார்டுக்குள் நான் நுழைந்தபோது காலை பதினொரு மணி. தீப்பிடித்து மூன்று மாதம் ஆகியும் கருகிய பிளாஸ்டிக் வாசனை சுவரை விட்டுப் போகவில்லை. அளவு நாடாவின் ஒரு முனையை நான் பிடித்தேன். மறுமுனையை அண்ணன் பிடித்துக்கொண்டான். தீ விபத்தன்று அங்கே பணியில் இருந்த வார்டு உதவியாளர் அவன்தான்.

"கதவுல இருந்து ஜன்னல் வரைக்கும் இருபத்திரண்டு அடி," என்றான், நாடாவைப் பார்க்காமலே.

விசாரணைக் குழு எங்கள் அனிமேஷன் ஸ்டுடியோவிடம் ஒன்றுதான் கேட்டிருந்தது. கதவருகே நின்றவர் கண்ணுக்கு அந்தப் புகைக்குள் என்ன தெரிந்திருக்கும் என்பதைக் கணினியில் உருவாக்கிக் காட்ட வேண்டும். உள்ளே யாரும் தென்படவில்லை, புகை பரவாமலிருக்கக் கதவைச் சாத்தினேன் என்று அண்ணன் எழுதிக் கொடுத்திருந்தான். ஆனால் மூன்றாம் படுக்கையில் இருந்த நோயாளிப் பெண்ணின் உடல் கதவின் உட்புறத்தில் கிடந்தது. அவன் எழுதியது பொய் என்றானால் வேலை போகும், சிறையும் உண்டு. அவன் என் அண்ணன் என்று ஸ்டுடியோவில் நான் யாரிடமும் சொல்லவில்லை.

கிளம்பும்போது என் பையைத் தூக்கிக் கொடுத்தான்.

"பாப்பா, புகையைக் கொஞ்சம் கெட்டியாப் போட முடியுமா?"

"ரிப்போர்ட்ல இருக்கற அளவுதான்ணா போடணும்."

"சும்மா கேட்டேன்."

அவன் எதையும் சும்மா கேட்பவனில்லை.

இரண்டு நாளில் கணினியில் அறை தயாரானது. ஐந்து படுக்கை, ஒரு ஜன்னல், ஒரு கதவு. ஆட்களை வைக்கக் கூடாது என்பது குழுவின் நிபந்தனை. கடைசியாகப் புகை. மென்பொருளில் புகை என்பது அறையின் அளவுக்கு ஒரு வெற்றுப் பெட்டி. அடர்த்தி என்ற எண்ணை ஏற்ற ஏற்ற, ஜன்னல் வெளிச்சம் அதற்குள் பட்டை பட்டையாக விழுவது தெரியும்.

அறிக்கை சொன்ன அடர்த்தி முப்பது. போட்டேன். மங்கலாகத்தான், ஆனால் ஐந்து படுக்கைகளும் தெரிந்தன.

நான் நேர்மையானவள் என்றுதான் அதுவரை என்னைப் பற்றி நினைத்திருந்தேன். எண்ணை ஐம்பதாக மாற்ற ஒரு நொடிகூட ஆகவில்லை. படுக்கைகள் மறைந்தன. மூச்சு விட்டேன்.

ஜன்னல் வெளிச்சத்தின் நடுவில் ஒரு கறுப்பு இடைவெளி இருந்தது. ஆள் உயரத்தில்.

பக்கத்து நாற்காலிக்காரி எட்டிப் பார்த்தாள். எதிலும் குறை கண்டுபிடிப்பாள் என்பதால் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர்.

"என்னடி, உன் சீன்ல டிக்கெட் எடுக்காம ஒருத்தர் நிக்கறாரு?"

"நான் யாரையும் வைக்கல."

"எதையாவது மறைச்சு வச்சுட்டு நிழலை அணைக்க மறந்திருப்ப. நான் சேர்ந்த புதுசுல ஒரு மாட்டையே அப்படி விட்டேன்."

எங்கள் தொழிலில் எல்லோரும் செய்யும் தவறு அது. மறைத்த பொருள் படத்தில் தெரியாது. ஆனால் வெளிச்சத்தை மறிக்கும். புகை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். பொருள்களின் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். மறைத்தது எதுவுமில்லை. சந்தேகத்துக்கு, இடைவெளிக்கு அருகே இருந்த மூன்றாம் படுக்கையையே அழித்துப் பார்த்தேன்.

இடைவெளி அங்கேயே நின்றது.

அதை மூழ்கடித்துவிட எண்ணி அடர்த்தியை அறுபதாக்கினேன்.

அது இரண்டடி முன்னால் வந்திருந்தது.

எண்பது.

தோள் தெரிந்தது. ஒரு பக்கம் சரிந்த முடி தெரிந்தது. கை ஒன்று கேமராவை நோக்கி நீண்டிருந்தது. அண்ணன் நின்ற இடத்தில்தான் நான் கேமராவை வைத்திருந்தேன்.

"எங்கயோ வயர் கருகுது," என்று பூதக்கண்ணாடி எழுந்து பிளக்குகளைத் தடவிப் பார்க்கப் போனாள்.

நான் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தேன்.

"அண்ணா, அவங்க எங்க நின்னாங்க?"

யாரென்று அவன் கேட்கவில்லை.

"கையை நீட்டினாங்க பாப்பா." குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "பின்னாடியே தீ வந்துச்சு. பயந்துட்டேன். சாத்திட்டேன்."

"புகை?"

"அவ்வளவு இல்ல."

திரும்பி வந்து மூன்றாம் படுக்கையை அதன் இடத்தில் வைத்து, எண்ணை முப்பதுக்குக் கொண்டுவந்தேன். ஐந்து படுக்கைகளும் தெரிந்தன. இடைவெளி இல்லை. அப்படியே குழுவுக்கு அனுப்பினேன். நான் நேர்மையானவள் என்று நினைத்துக்கொள்வதற்காகவும் சேர்த்துத்தான் அவனைக் காட்டிக்கொடுத்தேனோ என்ற கேள்வி அனுப்பிய பிறகுதான் வந்தது.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வந்தான். டீக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். சமையலறை ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றான்.

"அனுப்பிட்டேன்ணா. ரிப்போர்ட்ல உள்ள அளவுதான்."

"சரிம்மா. அதுவே இருக்கட்டும்."

தண்ணீர் கொதித்தது. நீராவி எழுந்து சரிந்த வெயிலில் பட்டையாகப் பரவியது. அண்ணனின் உடல் அதில் கறுப்பாக ஒரு வெட்டு வெட்டியிருந்தது.

பக்கத்தில் இன்னொரு வெட்டு.

சற்றுக் குட்டையாக. முடி ஒரு பக்கம் சரிந்து.

"உனக்கும் தெரியுதா?" என்றான் அண்ணன், திரும்பாமல்.

அடுப்பை அணைத்தேன். நீராவி மெல்ல மெல்ல அடங்கியது. சமையலறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

அவனுடைய இடது சட்டைக்கை மட்டும், ஒரு பிடிக்குள் இருப்பதைப் போல, கசங்கியே நின்றது.