டேப்பு அளந்த அறை

"அந்த மெஷின் இந்த ரூமுக்குள்ள வந்தா நான் வெளியில போயிடறேன் மாமா."

"தாராளமா போ. உன் இரும்புத் தடி வந்தா ரூமே கீழ போயிடும்."

கீழே என்றால் என் வீடு. அதனால் அடுப்பை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன். ஒட்டுக் கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. மேல்வீட்டுச் சத்தம் தானாகவே இறங்கி வந்தால் நான் என்ன செய்ய?

மேல்வீட்டுக்காரர் தையல்காரர். முப்பது வருடமாகச் சட்டை தைக்கிறார். அவர் மனைவிக்குத் தபால் நிலையத்தில் வேலை. மனைவியின் தங்கையும் அவர்களோடுதான் இருக்கிறாள். வீட்டுப் பிள்ளைக்கு அவள் சித்தி. அதனால் தெருவுக்கே சித்தி.

அந்தப் பிள்ளைக்குப் பத்து வயது. எல்லோரும் 'டேப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பாவின் பழைய அளவு நாடா எப்போதும் அவள் கழுத்தில் தொங்கும். பூனை வால், பள்ளிக்கூடக் கதவு, மழைத் தண்ணீர் தேங்கிய குழி, எதையும் விடமாட்டாள். ஒரு நாள் என் மூக்கையும் அளந்தாள். எவ்வளவு என்று இங்கே சொல்லத் தேவையில்லை.

சண்டைக்குக் காரணம் இதுதான். சித்திக்குத் தீயணைப்புப் படையில் சேர வேண்டும். எழுத்துத் தேர்வில் முதலாவதாக வந்தாள். ஆனால் உடல் தேர்வில் ஒரு மணல் மூட்டையைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு ஐம்பது அடி எடுத்து வைக்க வேண்டும். போன வருடம் முப்பத்து நான்காவது அடியில் மூட்டை கீழே விழுந்தது. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதற்கும் மூன்று மாதம்தான். அதன் பிறகு வயது கடந்துவிடும்.

தையல்காரர் நல்ல மனிதர். துணி மூட்டைகளை வெளியேற்றிவிட்டுப் பின்னறையைச் சித்தியின் பயிற்சிக்குக் கொடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். உடற்பயிற்சிச் சாமான் கடைக்காரர் கொடுத்த படப் புத்தகத்தைப் புரட்டி, உட்காரும் இருக்கையும் இழுக்கும் கம்பிகளுமாக ஒரு பெரிய இயந்திரத்தின் மேல் ஆசை வைத்துவிட்டார். சித்திக்கோ ஆளைவிட நீளமான இரும்புத் தடி வேண்டும். இரண்டு முனையிலும் வண்டிச் சக்கரம் மாதிரி எடைத் தட்டுகள்.

இயந்திரத்தையும் அறையையும் தானே அளந்து பார்த்ததாகவும், அரை அங்குலம்கூடப் பிசகாமல் கச்சிதமாக உட்காரும் என்றும் தையல்காரர் சாதித்தார். மறுநாள் கடைக்குப் போய் வாங்கிவிடுவது என்று முடிவு.

அந்த நேரம் பார்த்து, அவர்களுடைய கிண்ணம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க நான் மேலே போனேன். கிண்ணம் என்னிடம் இரண்டு மாதமாக இருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு நேரம் கிடைத்தது.

டேப்பு தரையில் மண்டியிட்டு, அப்பாவின் துணிச் சுண்ணக்கட்டியால் ஒரு பெரிய கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். இயந்திரத்தின் அளவாம் அது.

"சித்தி, இதுக்குள்ள உட்கார்ந்து கையை விரிங்க."

சித்தி விரித்தாள். இடது கை சன்னல் கம்பியில் முட்டியது. வலது முழங்கை சுவரில் இடித்தது. காலை நீட்டியபோது பாதம் கூடத்துக்கே போய்விட்டது. கதவை மூடவும் முடியவில்லை.

டேப்பு அப்பாவைப் பார்த்தாள். "அப்பா, சட்டைக்கு உடம்பு அளவுக்கு மேல எவ்வளவு விடுவீங்க?"

"நாலு அங்குலமாவது விடணும். இல்லைன்னா கையைத் தூக்கினதும் டர்ருனு கிழி..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டுச் சுண்ணக் கோட்டைப் பார்த்தார். ஊருக்கெல்லாம் தாராளமாக லூஸ் விட்டுத் தைக்கிற மனிதர், சொந்த வீட்டு அறைக்கு மட்டும் தோலோடு ஒட்டி அளவெடுத்திருந்தார்.

சித்திக்கு வாயெல்லாம் பல். அப்படியென்றால் தன் தடிதான் என்றாள். டேப்பு மூலையிலிருந்த ஒட்டடைக் கம்பை எடுத்தாள். அதைத் தடியின் நீளத்துக்கு அளந்து பிடித்து, அதோடு மெல்லத் திரும்பினாள். முனை சன்னலுக்கு வெளியே போய்க் காக்கையைத் துரத்தியது.

"அதை டம்முனு கீழ வெச்சா பெரியம்மா தலையில சுண்ணாம்பு கொட்டும்" என்றாள் என்னைக் காட்டி.

நான் தலையைத் தடவிக்கொண்டேன். கிண்ணம் கொடுக்க வந்தவள்தான் என்றாலும், எங்கள் கூரையில் ஏற்கெனவே விரிசல் இருப்பதைச் சொல்லி வைத்தேன்.

மாமனும் கொழுந்தியாளும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். டேப்பு சித்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சட்டையைப் போட்டுப் பார்க்க வருகிறவர்களிடம் அப்பா கேட்கும் அதே குரலில் கேட்டாள்.

"போன தடவை எங்க இறுக்குச்சு சித்தி?"

சித்தி தன் விரல்களைப் பார்த்தாள். அவள் குரல் தணிந்து நான் கேட்டது அன்றுதான்.

"விரல்லதான். மூட்டை நழுவிக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் இடுப்பு. எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. நீ எண்ணிக்கிட்டு இருந்தே."

"முப்பத்தி நாலு எண்ணினேன். ஆனா அடுத்த அடிக்கும் நீங்க காலைத் தூக்கிட்டீங்க. அரை அடி சேர்த்துக்கலாம்."

சித்தி அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அந்த மெஷின்ல எல்லாமே உட்கார்ந்துதானே செய்யணும்? பரீட்சையில தூக்கிக்கிட்டு நடக்கணுமே" என்றாள் டேப்பு.

தையல்காரர் படப் புத்தகத்தை மூடிவைத்தார்.

மறுநாள் மாலை அவர்கள் கடைக்குப் போனபோது எனக்கும் அந்தத் தெருவில் ஒரு வேலை இருந்தது. கடைக்காரர் தூண் மாதிரிக் கைகளோடு வாசலுக்கே வந்து, நேராகப் பெரிய இயந்திரத்திடம் கூட்டிப் போனார். டேப்பு முதலில் பாய் எங்கே என்று கேட்டாள்.

"உட்கார்றதுக்கா பாப்பா?"

"இல்ல, கீழ்வீட்டுக்கு."

கனமான ரப்பர் பாய் ஒன்று மூலையிலிருந்து வந்தது. அதன் பிறகு டம்பெல். ஒரே எடையாக இருப்பது வேண்டாம், தட்டுகளைக் கழற்றி மாட்டி எடையைக் கூட்டவும் குறைக்கவும் முடிய வேண்டும் என்றாள். பளபளவென்று இருந்ததைச் சித்தி எடுத்தாள். உள்ளங்கை வியர்த்தால் அது வழுக்கும் என்று டேப்பு சொரசொரப்பான பிடி உள்ளதைக் காட்டினாள். விரல்கள் பிடியைச் சுற்றி வருகின்றனவா என்று நாடாவால் வேறு பார்த்தாள்.

சித்தி வீராப்பாக எல்லாத் தட்டுகளையும் மாட்டித் தூக்கினாள். மூன்றாவது முறையே முதுகு வில்லாக வளைந்தது. கடைக்காரரே தட்டுகளைக் குறைத்தார். முதுகு வளையாமல் பத்துத் தடவை தூக்க வேண்டும், பத்தாவது மட்டும் சிரமமாக இருக்க வேண்டும், ஆரம்பிக்க அந்த எடைதான் சரி என்று ஒப்புக்கொண்டார். கூடவே இழுத்துப் பயிற்சி செய்ய இரண்டு ரப்பர் பட்டைகள். அவ்வளவுதான். எல்லாவற்றையும் அவர்கள் கையிலேயே தூக்கிக்கொண்டு கிளம்பியதைப் பார்த்து அவருக்கு முகம் தொங்கிவிட்டது.

மணல் மூட்டையை மட்டும் வாங்கவில்லை. தையல்காரர் கெட்டிக் கித்தான் துணியில் தானே தைத்தார். முதல் வாரமே தையல் விட்டு, மணல் படிப்படியாக இறங்கி என் வாசலுக்கு வந்தது. மூட்டைக்கும் அவர் லூஸ் விடவில்லை. இரண்டாவது மூட்டை நின்றது. வாரத்துக்கு இரண்டு குவளை மணல் கூட்டலாம், அதற்கு மேல் ஒரு பிடிகூடக் கிடையாது என்பது டேப்பு போட்ட சட்டம். சித்தி எவ்வளவு கெஞ்சியும் நடக்கவில்லை. மொட்டை மாடியில் ஐம்பது அடிக்குச் சுண்ணக்கோடு போட்டிருந்தாள்.

இதையெல்லாம் நான் மேலே போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்தப் பாயைப் போட்ட நாளிலிருந்து எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. மூன்று மாதம் காது இருந்தும் பயனில்லாமல் வாழ்ந்தேன்.

தேர்வு நாளன்று மைதானத்து வேலிக்கு வெளியே நாங்கள் நின்றோம். சித்தி மூட்டையைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். டேப்பு எண்ணினாள். முப்பத்து மூன்று. முப்பத்து நான்கு. மூட்டை நழுவியது. டேப்பு எண்ணுவதையே விட்டுவிட்டாள். தையல்காரர் வேலியைப் பிடித்த பிடியில் கம்பி வளைந்திருக்கும்.

சித்தி நின்றாள். விரல்களை ஒவ்வொன்றாக இறுக்கினாள். இடுப்பை நிமிர்த்தி மூட்டையை ஒரு எக்கு எக்கி மேலே ஏற்றினாள். பிறகு நடந்தாள். நடந்துகொண்டே இருந்தாள். அதிகாரி ஓடிப்போய், போதும் அம்மா, கோடு தாண்டி மூன்று அடி ஆகிவிட்டது என்று நிறுத்த வேண்டியதாயிற்று.

"எண்ண மறந்துட்டியா?" என்று மூச்சு வாங்கக் கேட்டாள் சித்தி.

"லூஸ் விட்டேன்" என்றாள் டேப்பு.

அந்தப் பெரிய இயந்திரத்தை எதிர்வீட்டுப் பல் மருத்துவர் வாங்கினார். ஒரு வருடம் அதில் துணி உலர்த்தினார். வீடு மாறிப் போனபோது அது கதவு வழியே வெளியே வரவில்லை. புதிதாகக் குடிவந்தவர்கள் அதில் உலர்த்துகிறார்கள்.

சித்தி தூரத்து ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்குப் போனாள். இரண்டு வருடம் கழித்து ஒரு பள்ளி ஆசிரியரைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஒல்லியான, சாதுவான மனிதர். புது வீட்டுக்குச் சாமான் ஏற்றியபோது பீரோவின் ஒரு முனையை இரண்டு ஆண்கள் தூக்கினார்கள், மறுமுனையைச் சித்தி. மாப்பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டார். அதையும் நன்றாகவே பிடித்தார்.

டம்பெல்லும் பாயும் இப்போது டேப்புவிடம். மேலே இன்னமும் ஒரு சத்தமும் கிடையாது. என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள நான் தினமும் மூன்று முறை படியேறுகிறேன். என் முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. அதை மட்டும் டேப்புவிடம் சொல்லவில்லை. சொன்னால், நாளையே படிக்கட்டை அளக்க வந்துவிடுவாள்.