கறையெழுத்துக் கோபுரம்

நிலாவின் தூசிச் சமவெளியில் முந்நூறு பேர் ஒரே அலைவரிசையில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பேச்சும் இன்னொருவர் பேச்சில் கலக்கவில்லை. அன்று காலையில்தான், அத்தனை பேர் பேச்சையும் வாங்கி அனுப்பும் கறையெழுத்துக் கோபுரத்தை முழுவீச்சில் ஓடவிட்டிருந்தார்கள். தாளில் கறை எங்கே என்று முன்கூட்டியே தெரிந்தால் துடைக்க வேண்டியதில்லை. கறையும் எழுத்தின் ஒரு கோடாகிவிடும்படி எழுதினால் போதும். கோபுரமும் அப்படித்தான். வரப்போகும் குறுக்கீடு தெரிந்தால், அதற்கேற்பச் செய்தியை வளைத்து அனுப்பும். கேட்பவருக்குக் குறுக்கீடு இருந்த சுவடே தெரியாது.

அதை வடிவமைத்த மாசிலாமணி, விண்கலத்தின் ஏணியடியில் முதுகு காட்டி நின்ற மனைவி தேன்மதியைப் பார்த்தபடி இருந்தான். தரையில் போட்ட சிவப்பு எல்லைக்கோட்டைத் தாண்ட அவனுக்கு அனுமதியில்லை. அவள் பூமிக்குக் கிளம்புகிறாள். பெட்டி ஏறிவிட்டது.

"மதி, கோபத்துல முடிவெடுக்காத."

அவள் திரும்பவில்லை. தலைக்கு மேலே பூமி, தூக்கத்தில் புரள்வது போல நீலமாக மிதந்தது.

"வழியனுப்பக்கூட ஒரு வார்த்தை வரலையா உங்களுக்கு?" என்றாள். "சரி. நான் போறேன்."

போயிட்டு வரேன் இல்லை. வெறும் போறேன்.

மாசிலாமணிக்கு அப்போதுதான் உறைத்தது. சோதனைக்குக் குறுக்கீடு வேண்டியிருந்தது. பிறர் குரலைக் கேட்டு வாங்கக் கூச்சப்பட்டு, மூன்று வருடம் தன் பேச்சையே கோபுரத்துக்கு ஊட்டியிருந்தான். வீட்டுச் சண்டை, சமாதானம், நகைச்சுவை, எல்லாம். பிறகு கறைப் பட்டியலிலிருந்து தன்னை நீக்க மறந்துவிட்டான். அடுத்து அவன் என்ன சொல்வான் என்பது கோபுரத்துக்கு அத்துப்படி. வாய் திறக்குமுன்பே கழித்துவிடும்.

பதறிப்போய்க் கையிருப்பை எல்லாம் எடுத்துவிட்டான். "வேலை அதிகம் மதி." சலனமில்லை. "உங்கண்ணன்தான் உன்னை ஏத்திவிடறான்." ஊஹூம். தன் பிரசித்தி பெற்ற ஆட்டுக்கால் சூப் ஜோக்கையும் சொல்லிப் பார்த்தான். அந்த விஷயத்தில் கோபுரத்தைக் குறை சொல்ல முடியாது.

அவள் மூன்றாம் படியில் கால் வைத்தாள். அவனிடம் மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. இதுவரை யாரிடமும் சொல்லாதது.

"என் தப்புதான் மதி."

அவள் கால் நின்றது. நிலாவில் எல்லாம் நிகழ்வது போல மெல்ல, மிக மெல்லத் திரும்பினாள்.

"என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னான். மறுபடியும் சொன்னான். கோபுரம் கெட்டிக்காரக் கோபுரம். ஒருமுறை கேட்டதிலேயே கற்றுக்கொண்டுவிட்டது.

அவள் படியில் காத்திருந்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் முதன்முறையாக மாசிலாமணி, அவளிடம் என்ன பேசலாம் என்று யோசிக்கத் தொடங்கினான்.