கிழக்கு கேலரியின் கடைசி வரிசை

கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள், கால்பந்து மைதானத்தின் புல்தரையைப் பராமரிக்கும் புல்லுக்காரரின் மனைவி. தையல் மிஷினிலிருந்து அப்படியே எழுந்து ஓடி வந்திருக்கிறாள். அளவு நாடா கழுத்தில் தொங்கியது. கையெல்லாம் நூல் துணுக்குகள்.

"எங்க வீட்டுக்காரரைப் பிடிச்சு வெச்சிருக்காங்கம்மா," என்றாள். "மைதான ஆபீஸ்ல. மதில் ஐயாவைப் படியில தள்ளிவிட்டது அவர்தானாம். அஞ்சு மணிக்கு ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். பெரியவருக்கு ஏதாவது ஆயிட்டா கொலைக் கேசுன்னு சொல்றாங்க."

மணி இரண்டு ஆகியிருந்தது. டிரைவர் தட்டில் கைவைத்தபடியே உட்கார்ந்திருந்தார். சாப்பாடு அவருக்கு ஏற்கெனவே இறங்கவில்லை. இப்போது தட்டைத் தள்ளியே வைத்துவிட்டார்.

காலையில் அந்த மைதானத்தில் ஆட்களை இறக்கிவிட்டவரே அவர்தான். நகரத்தின் பெயர்பெற்ற விளையாட்டு அரங்குகளை ஒரே நாளில் சுற்றிக் காட்டும் பஸ் அவருடையது. காலையில் நீச்சல் அரங்கு, அடுத்து பெரிய கால்பந்து மைதானம், மதியம் சைக்கிள் பந்தயத் தடம், சாயந்திரம் டென்னிஸ் திடல். இன்றைக்கு இரண்டாவது இடத்தோடு எல்லாம் நின்றுபோனது. இருபத்திரண்டு பயணிகளையும் விடுதியில் விட்டுவிட்டு அக்காள் வீட்டுக்கு வந்திருந்தார்.

மதில் என்றால் இந்த நகரத்தில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன் இறுதி ஆட்டத்தின் கடைசி பெனால்டியைக் கோட்டின்மேல் பிடித்து நிறுத்திய கோல்கீப்பர். அன்றைக்கு டிரைவருக்குப் பதினொரு வயது. கோல் கோட்டுக்கு நேராக, வேலியோரம் நின்றிருந்தார். அதைப் பஸ் மைக்கில் தினமும் சொல்லுவார். "நான் என் கண்ணால பாத்தேங்க. கோட்டுக்கு முன்னாடியே அமுக்கிட்டாரு." பஸ்ஸில் கைதட்டுவார்கள். எழுபது வயதான மதில் இப்போது மைதானத்தின் உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து, வருகிறவர்களோடு படம் எடுத்துக்கொள்வார். இன்றைக்குப் பதினோரு மணிக்கு, ஆட்டக்காரர்கள் உள்ளே வரும் மேற்குப் பக்கத்துச் சுரங்க வழியின் படிக்கட்டடியில் மண்டை உடைந்து கிடந்தார். ஆஸ்பத்திரியில் இன்னும் நினைவு திரும்பவில்லை.

"உங்க வீட்டுக்காரருக்கும் அவருக்கும் ஏதாவது சண்டையா?" என்று கேட்டாள் அக்காள்.

அவளை எல்லோரும் சர்வேயர் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருஷம் நிலம் அளந்தவள். விபத்து நடந்த இடங்களை அளந்து கோர்ட்டுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்ததில் போலீஸ்காரர்கள் பழக்கம். ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் தேடி வருவது நிற்கவில்லை.

"நேத்து மதில் ஐயாகிட்ட சத்தம் போட்டாரும்மா. ஈரப்புல்லுல தோல் ஷூவோட நடந்தா காலை உடைச்சிடுவேன்னு. எல்லார் முன்னாடியும்." அவள் குரல் உடைந்தது. "அவர் புல்லுன்னா அப்படித்தான். என்னைக்கூட ஓரமா நடக்கச் சொல்லுவாரு."

"சரி, கிளம்புங்க. போய்ப் பாத்துடுவோம்."

"அக்கா, நானும் வரேன்," என்றார் டிரைவர்.

"நீ வராம பஸ்ஸை யாரு ஓட்டுவா?"

மொத்தம் ஐம்பது சீட் உள்ள பஸ்ஸில் மூன்று பேர் போனார்கள். சிக்னலில் நின்றபோது டிரைவர் தன் போனை நீட்டினார். பயணிகள் எடுத்த படங்களையெல்லாம் ஒரே குழுவில் போட்டிருந்தார்கள். "பாருங்கக்கா. கிழக்கு கேலரி, கடைசி வரிசை. பத்து அம்பத்தெட்டுக்கு எடுத்தது."

புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று கன்னத்தோடு கன்னம் வைத்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. பின்னால் பட்டை பட்டையாகப் புல்தரை. கோலுக்குப் பக்கத்து வெளிர்ப்பட்டையின் நடுவில் சிவப்புத் தள்ளுவண்டி ஒன்று.

"படம் நல்லாத்தான் வந்திருக்கு. அந்த வண்டிதான் கெடுக்குது," என்றார்.

"மைதானத்தைச் சுத்திக் காட்டுற கைடு எங்கே?"

"படத்துலயா? பத்து நிமிஷம் படம் எடுத்துக்கோங்கன்னு விட்டுட்டாராம். இருபத்திரண்டு பேரும் அவர் எங்ககூடத்தான் இருந்தாருன்னு போலீஸ்ல சொல்லியிருக்காங்க. இருபத்திரண்டு சாட்சிக்கா!"

"இருபத்திரண்டு பேரும் அவங்கவங்க மூஞ்சியைத்தானேடா பாத்துக்கிட்டு இருந்தாங்க," என்றாள் சர்வேயர் அம்மா. போனைத் திருப்பிக் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

*

மைதான ஆபீஸ் கிழக்கு வாசலை ஒட்டிய சின்ன அறை. டிக்கெட் கட்டுகளுக்கு நடுவில் புல்லுக்காரர் உட்கார்ந்திருந்தார். மனைவியைப் பார்த்ததும் எழுந்தார். கான்ஸ்டபிள் தோளில் கை வைத்ததும் உட்கார்ந்தார்.

"காலைத்தாம்மா உடைப்பேன்னேன்," என்றார். "மண்டையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே."

"பதினோரு மணிக்கு எங்கே இருந்தீங்க?"

"பம்ப் ரூம்ல. தண்ணி திறக்கப் போனேன். வண்டியைக் களத்துல விட்டுட்டுத்தான் போனேன். ஒரு ஈ காக்கா பாக்கலை. இப்பவும் அங்கேயேதான் நிக்குது. சக்கரம் புதைஞ்சு புல்லு மஞ்சளாயிடும், யாராவது எடுங்கன்னு கத்துறேன். ஒருத்தரும் காதுல வாங்கலை."

"இவனுக்கு அதுதான் கவலை," என்றார் இன்ஸ்பெக்டர். "வாங்கம்மா. உங்களுக்கு வேலையே இல்லை. நேர்ல பாத்த சாட்சி இருக்கு."

அந்தச் சாட்சி கைடுதான், மைதானத்தின் வழிகாட்டி. பதினோரு வருஷமாக இங்கே வருகிறவர்களை அழைத்துப் போய்க் கதை சொல்கிறவர். சட்டைப் பையில் மதிலின் பழைய படம் போட்ட அட்டை. அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"எனக்கு அவர் அப்பா மாதிரிம்மா," என்றார். "நான் கிழக்கு கேலரி கடைசி வரிசையில இருந்தேன். இந்த ஆளு பெனால்டி பெட்டிக்கு அடுத்த கரும்பச்சைப் பட்டையில சிவப்பு வண்டியை விட்டுட்டு, அந்தப் பக்கம் சுரங்க வழிக்குள்ள ஓடினான். ரெண்டு நிமிஷத்துல திரும்பி வெளியே வந்தான். கொஞ்ச நேரத்துல துப்புரவுக்காரம்மா அலறுற சத்தம் கேட்டுச்சு."

"நீங்க அந்தப் பக்கம் போகலையா?"

"மேற்குப் பக்கம் இன்னைக்கு நான் காலே வைக்கலை. போலீஸ் அடைச்சுட்டாங்க. அவரை ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போனதைக்கூட நான் பாக்கலைம்மா." வழிகாட்டி முகத்தை மூடிக்கொண்டார்.

டிரைவர் தண்ணீர் பாட்டிலை வழிகாட்டியிடம் நீட்டினார். தினமும் ஒரே ஆளைப் பற்றி, பஸ்ஸுக்குள் அவரும் பஸ்ஸுக்கு வெளியே இவரும் கதை சொல்கிறவர்கள். பங்காளி மாதிரி.

சர்வேயர் அம்மா இன்ஸ்பெக்டரைக் கேட்டுக்கொண்டு மேற்குப் பக்கம் போனாள். டிரைவர் பின்னாலேயே ஓடினார். படிக்கட்டில் ரத்தக் கறை இருந்த இடத்தை அவர் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. சுரங்க வழியின் வாயில் நின்று களத்தைப் பார்த்தார்கள். சிவப்பு வண்டி கரும்பச்சைப் பட்டையின் நடுவில் நின்றது.

"அக்கா, கைடு சொன்னது அச்சு அசலா சரி," என்றார் டிரைவர். அவருக்கே வருத்தமாக இருந்தது. "புல்லுக்காரர் மாட்டிக்கிட்டாரு."

"நான் நிலம் அளந்து கோடு போட்டா எப்படிடா போடுவேன்?"

"ஒரு முனையில நின்னு பாப்பீங்க. அப்புறம் அடுத்த முனைக்குப் போய்த் திரும்பிப் பாப்பீங்க. வெயில்ல என் உயிரை வாங்குவீங்க."

"ஏன்?"

"ஒரு முனையில மட்டும் பாத்தா அது பாதி அளவுதான்னு சொல்லுவீங்க."

"அப்ப நட," என்றாள்.

*

நாலரை மணிக்கு எல்லோரையும் சுரங்க வழியின் வாயில் நிற்கவைத்தாள். இன்ஸ்பெக்டர், புல்லுக்காரர், அவர் மனைவி, வழிகாட்டி, டிரைவர்.

"வண்டி எந்தப் பட்டையில நிக்குது?" என்று வழிகாட்டியைக் கேட்டாள்.

"கரும்பச்சை. நான்தான் அப்பவே சொன்னேனே."

"காலையிலேருந்து யாராவது வண்டியை நகர்த்தினாங்களா?"

"இல்லை," என்றார் இன்ஸ்பெக்டர். "தொடக்கூடாதுன்னு நானே ஆள் போட்டிருக்கேன்."

"இப்ப கிழக்கு கேலரிக்குப் போகலாம்."

கேலரிக்கு அடியில் ஓடும் நடையில் சுற்றிப் போய், படியேறி, கடைசி வரிசையை அடைவதற்குள் இன்ஸ்பெக்டருக்கு மூச்சு வாங்கியது. "என்னம்மா, என்னை நெஞ்சு வலியில அனுப்பறதா திட்டமா?"

"திரும்பிப் பாருங்க சார்."

இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

சிவப்பு வண்டி வெளிர்ப்பட்டையில் நின்றது. கரும்பச்சையாக இருந்த பட்டைகளெல்லாம் வெளிறியிருந்தன. வெளிறியிருந்தவை கறுத்திருந்தன. களம் முழுவதையும் யாரோ தலைகீழாக மாற்றிப் போட்டதுபோல் இருந்தது. டிரைவர் பத்து வருஷமாக இங்கே வருகிறார், இது தெரியாது. கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார். வெளிர்ப்பட்டைதான்.

"சொல்லுங்க," என்றாள் சர்வேயர் அம்மா, புல்லுக்காரரிடம்.

"இதுல என்னம்மா இருக்கு? ரெண்டு பட்டையும் ஒரே புல்லுதான், ஒரே நிறம்தான். வெட்டுற மிஷின்ல உருளை இருக்கு. போற பக்கமா புல்லைச் சாய்ச்சுட்டே போகும். ஒரு பட்டைக்கு அந்தப் பக்கம், அடுத்ததுக்கு இந்தப் பக்கம். நம்மகிட்டேருந்து விலகிச் சாஞ்சிருந்தா வெளுப்பாத் தெரியும். நம்ம பக்கம் சாஞ்சிருந்தா கறுப்பாத் தெரியும். எதிர்ப் பக்கம் போய் நின்னா மாறிடும்." புல்லுக்காரர் தோளைக் குலுக்கினார். "இதுவரைக்கும் இதை என்கிட்ட யாரும் கேட்டதில்லை."

சர்வேயர் அம்மா டிரைவரின் போனை எடுத்து நீட்டினாள். "பத்து அம்பத்தெட்டுக்கு இந்த வரிசையிலேருந்து எடுத்த படம். அப்பவும் வண்டி வெளிர்ப்பட்டையிலதான் நிக்குது. இங்கே இருந்து பாத்த யாரும் கரும்பச்சைன்னு சொல்லவே முடியாது. அது மேற்குப் பக்கத்துலேருந்து பாத்தா மட்டும்தான் தெரியும்." அவள் வழிகாட்டியைப் பார்த்தாள். "இன்னைக்கு அந்தப் பக்கம் காலே வைக்கலைன்னீங்க. நீங்க இப்பத்தான் அங்கே முதல் தடவை வந்தீங்க. ஆனா கரும்பச்சைன்னு வாக்குமூலம் கொடுத்தது மதியம். ஆளை அடையாளம் காட்டினாப் போதும்னு விட்டிருக்கலாம். எந்தப் பட்டைன்னு சொன்னா நம்புவாங்கன்னு நினைச்சீங்க. சுரங்க வழியிலேருந்து பாத்தப்ப மனசுல பதிஞ்சதை அப்படியே சொல்லிட்டீங்க."

வழிகாட்டி களத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு வருஷம் இந்த வரிசையில் நின்று கதை சொன்னவர். புல்லை இன்றைக்குத்தான் பார்க்கிறவர்போல் பார்த்தார்.

இன்ஸ்பெக்டரின் போன் அடித்தது. காதில் வைத்தார். இரண்டு தடவை "ம்" என்றார்.

"போயிட்டாராம்," என்றார். "இப்பத்தான்."

புல்லுக்காரரின் மனைவி கழுத்து நாடாவை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். டிரைவர் முன் இருக்கையின் முதுகைப் பிடித்தார். வழிகாட்டி உட்காரவில்லை, அப்படியே சரிந்தார். சிமெண்டுப் படியில் தலை முட்டாமல் புல்லுக்காரர்தான் தாங்கிப் பிடித்தார்.

"நான் கொல்லலை," என்றார் வழிகாட்டி. "அவரைப் போய் நான்... ரெடியா இருக்காரான்னு பாக்கப் போனேன். தினமும் போறதுதான். இன்னைக்கு வர்ற கூட்டத்துக்கிட்ட நானே பேசறேன்னாரு. என்ன பேசப்போறீங்கன்னேன். அந்தப் பந்து கோட்டைத் தாண்டிருச்சு, நான்தான் இழுத்து வெளியே வெச்சுக்கிட்டேன், ரெஃப்ரி நின்ன இடத்துக்குத் தெரியலைன்னாரு. முப்பத்திரண்டு வருஷமா தூக்கமில்லை, சொல்லிட்டுப் போயிடறேன்னாரு."

வழிகாட்டி இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார்.

"நான் தினமும் சொல்ற கதை சார் அது. ஆயிரக்கணக்கான பேருக்குச் சொல்லியிருக்கேன். வாயை மூடுங்கன்னு தோள்ல கைவெச்சுத் தள்ளினேன். அவ்வளவுதான். பின்னாடி படி இருந்துச்சு." அவர் தன் கைகளையே பார்த்தார். "வாழ்நாள் பூரா விழறதையே தொழிலா வெச்சிருந்தவரு. கையை நீட்டவே இல்லை சார். அப்படியே விழுந்தாரு."

இன்ஸ்பெக்டர் அவரை எழுப்பிக் கூட்டிப்போனார். கீழே புல்லுக்காரர் களத்தில் இறங்கி முதல் வேலையாக வண்டியை நகர்த்தினார். மண்டியிட்டு, சக்கரம் புதைந்த இடத்தை விரலால் கோதிவிட்டார். அவர் மனைவி, வழக்கம்போல, ஓரமாக நடந்து அவர் பக்கம் போனாள்.

டிரைவர் கடைசி வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். "பொய் சொல்றான்க்கா," என்றார். "தப்பிக்கிறதுக்காகச் சொல்றான். மதில் அப்படிச் சொல்லியிருக்கமாட்டாரு."

சர்வேயர் அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு அந்த ஆட்டத்துக்கு உன்னைக் கூட்டிட்டு வந்தது நான்தான்டா," என்றாள். "எனக்கு முன்னாடி ஒரு தடியன் நின்னான், எனக்கு ஒண்ணும் தெரியலை. நீ வேலிக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு முன்னாடி நின்னே. கோட்டுக்கு நேரா. கூட்டம் கத்துச்சு. நீ மட்டும் கத்தலை. ஏன் கத்தலைன்னு நான் அப்பக் கேட்கலை."

டிரைவர் கோல் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். களத்தில் நிழல் விழத் தொடங்கியிருந்தது. வெளிர்ப்பட்டையும் கரும்பட்டையும் ஒரே நிறமாகிக்கொண்டு வந்தன.

நாலு நாள் கழித்துப் பஸ் மறுபடி ஓடியது. நீச்சல் அரங்கு முடிந்து, பெரிய மைதானத்தின் கூரை தெரியும் திருப்பம் வந்ததும், முன் சீட்டுப் பெரியவர் ஒருவர் குனிந்து கேட்டார். "நீங்க அந்த ஆட்டத்தை நேர்லயே பாத்தீங்களாமே? எப்படிங்க பிடிச்சாரு?"

டிரைவர் பஸ்ஸை ஓரம் கட்டினார். மைக்கை எடுத்தார்.

"பந்து உள்ளே போயிடுச்சுங்க," என்றார். "நான் பாத்தேன்."

அன்றைக்கு யாரும் கைதட்டவில்லை.