கொட்டிய ஒயின்

"இந்தத் தடவையாவது எங்க அப்பாவோட மானத்தக் காப்பாத்து வீப்கே!"

வாங்கி வந்த ரொட்டிப் பையை மேசையில் பொத்தென்று வைத்தாள் ஆல்முட். சனிக்கிழமை என்றால் தம்பி வீட்டுக்கு அழைக்காமலே வந்துவிடுவாள். வீப்கே அவித்த முட்டைகளைத் தண்ணீரிலிருந்து எடுத்து வைத்தாள்.

மாமனார் ஹாரோ வடகடல் தீவிலிருந்து படகேறி, மதிய ரயிலில் ஹாம்பர்க் வருகிறார். பேத்தி, வீப்கேயின் மகள் மைக்கே, பள்ளியிறுதித் தேர்வில் தேறியதற்கு இரவு விருந்து. தாத்தா கேட்டது இத்தாலியச் சாப்பாடு. எந்தக் கடை என்பதில்தான் சண்டை.

"ஏரிக்கரையில கண்ணாடி மாளிகையாட்டம் இருக்கற கடையில நான் இடம் பிடிச்சு வெச்சேன். நீ அத வேண்டாம்னுட்டு, சலவைக்கடைக்குப் பக்கத்துல இருக்கற ரோசெல்லாவுக்கா கூட்டிட்டுப் போற? எல்பே ஆத்துல எத்தனை கப்பலுக்கு வழிகாட்டுன மனுஷன்!"

"அங்கதான் வசதியா இருக்கும் அண்ணி."

"வசதியப் பத்தி நீ பேசறியா? போன வருஷம் அப்பா மடியில ஒயினக் கொட்டுனியே, அது எந்த வசதி?"

அதே ஏரிக்கரைக் கடைதான். ஹாரோவின் எண்பதாவது பிறந்தநாள். வீப்கேயின் கையிலிருந்து ஒரு கோப்பைச் சிவப்பு ஒயின் அவருடைய வெளிர்நிறக் கால்சட்டையில் கொட்டியது. விருந்து பாதியில் நின்றது. மறுநாள் காலையிலேயே தீவுக்குப் போனவர் அப்புறம் ஹாம்பர்க் பக்கமே வரவில்லை. பழி முழுவதும் வீப்கேயின் தலையில் விழுந்தது.

"விடேன் அக்கா..." என்றான் ஹென்னிங், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல். "ஆனா வீப்கே, அக்கா சொல்றதுலயும் நியாயம் இருக்கே."

நாத்தனார் சொன்னதைவிட இதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் இருவரும் வாயடைத்துப் போவார்கள். அவள் சொல்லவில்லை. அது அவளுடைய ரகசியம் இல்லை.

ஒரு வாரமாக வேலை முடிந்ததும் இத்தாலியக் கடைகளாக ஏறி இறங்கியிருந்தாள். நாற்காலிக்குக் கைப்பிடி உண்டா, பாட்டு காதைக் கிழிக்கிறதா, எல்லாவற்றுக்கும் மேலாகக் கழிப்பறை எங்கே? இந்த ஊரில் பாதிக் கடைகளில் அது நிலவறையில்தான். ரோசெல்லாவில் மூலை மேசைக்குப் பக்கத்திலேயே, ஒரு படி கூட இறங்காமல். "அம்மா, நீங்க சுகாதார அதிகாரியா?" என்று கடைக்காரர் நெல்லோ பயந்தே போனார்!

மாலையில் ஹாரோ நீலக் கோட்டுடன் ரோசெல்லாவுக்குள் நிமிர்ந்து வந்தார். மைக்கேக்குப் பக்கத்தில் கைப்பிடி நாற்காலியில் சாய்ந்து, சிப்பி போட்ட ஸ்பகெட்டியைத் தட்டு காலியாகும்வரை சாப்பிட்டார். இரண்டு கோப்பைத் தண்ணீர், ஒரு கோப்பை ஒயின். நடுவில் தானே எழுந்து போய், தானே திரும்பி வந்தார்.

"என்னப்பா இது! வெளிய வந்தா தண்ணிகூடத் தொட மாட்டீங்களே!" என்றாள் ஆல்முட்.

வீப்கே ஒயின் குப்பியை எடுத்து மாமனாரின் கோப்பைப் பக்கம் சாய்த்தாள்.

"ஐயோ பாத்து! மறுபடியும் மடியில கவுத்துடாத!"

ஹென்னிங் சிரித்துவிட்டான். வீப்கே குப்பியை மெல்லக் கீழே வைத்தாள்.

ஹாரோ மேசையைத் தட்டினார். "சிரிக்காதீங்க!"

"மாமா... வேண்டாம்," என்றாள் வீப்கே.

"நீ சும்மா இரும்மா. இதுக்குத்தான் நான் வந்தேன்." மகளின் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு அந்தக் கடையில கழிப்பறை கீழ... சுத்திச் சுத்தி இறங்கற படி. என் முட்டிக்கு முடியல. சொல்ல வெக்கம். அடக்கி அடக்கிப் பாத்தேன்... உக்காந்த எடத்துலயே போயிடுச்சு. எந்திரிச்சா ஊரே பாக்கும். இவ பாத்துட்டா. அடுத்த நிமிஷம் ஒயின் என் மடியில. அது கை தவறி இல்லடி ஆல்முட்... வேணும்னே கொட்டினா!"

ஹாரோ மருமகளின் பக்கம் கையைக் காட்டினார்.

"ஒரு வருஷமா நீங்க ஏசினீங்க, இவ வாயத் தொறக்கல. நானும் தொறக்காம தீவுல ஒளிஞ்சுக்கிட்டேன். ஊர்க் கப்பலுக்கெல்லாம் வழி காட்டுனவன்... என்னத் தரை தட்டாமக் கரை சேத்தவ இவதான்!"

"எங்கிட்டகூட நீ சொல்லலியே வீப்கே..." என்றான் ஹென்னிங். முகம் வெளுத்திருந்தது.

"உன்கிட்ட சொன்னா, நீ உங்கப்பாவ வேற மாதிரி பாத்திருப்ப. அது எனக்குப் பிடிக்கல."

ஆல்முட் எழுந்து வந்து தம்பி மனைவியின் தோளில் முகம் புதைத்து விம்மினாள். "என்ன பேச்செல்லாம் பேசிட்டேன்... என் வாயில மண்ணு விழ!"

"மாமாவுக்கு ஒயின் ஊத்தணும் அண்ணி. விடுங்க," என்றாள் வீப்கே, கண்ணீரும் சிரிப்புமாக.

"நிறைய ஊத்தும்மா," என்று கோப்பையை நீட்டினார் ஹாரோ. "இங்கதான் படியே இல்லையே!"

வீப்கே நிமிர்ந்து நின்று விளிம்புவரை ஊற்றினாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை.