கால் வரையாத படம்

ஜப்பானில் ஏதோ ஒரு நகரத்துக் கலைக்கூடம், தன் பழைய சுருள் ஓவியங்களை பாரிஸின் லா சப்பலில் ரயில் கிடங்காக இருந்த மண்டபத்துக்குக் காட்சிக்கு அனுப்பியிருந்தது. 2014, மாசி மாதம். அங்கே நிலம் துடைப்பவன் நான். கலையைப் பற்றி என் கருத்தை ஒருவரும் கேட்கவில்லை. அதனாலேயே நிறைய வைத்திருந்தேன்.

கடைசி அறையில் ஒரு பெண் தொங்கினாள். வெள்ளை உடுப்பு, விரித்த தலைமயிர். இடுப்புக்குக் கீழே வெறும் கடதாசி.

"இதுக்கே இவ்வளவு காவல்? கால் கீற முதல் மை முடிஞ்சுபோச்சுப் போலை."

"பகிடி விடாதேங்கோ அண்ணை," என்றாள் கூடத் துடைக்கும் கோசலை. "கால் இல்லாதது ஆர் எண்டு தெரியாதே?"

"தெரியும். மெட்ரோவிலை ஒருத்தரும் காலை மிதிக்காத ஒரே ஆள்."

மேலாளன் ழான்-மார்க்குக்கு ஓவியமும் தெரியாது, துடைப்பமும் தெரியாது. விரல் நீட்ட மட்டும் தெரியும். படத்துக்கு ஏதும் நடந்தால் எனக்கு நிரந்தர வேலைக் கடதாசி கிடையாது என்றிருந்தான். அது இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் மனைவி தர்மிளாவுக்கு விசா கிடையாது.

செவ்வாய்க்கிழமை காட்சி இல்லை. பகல் பதினொரு மணிக்கு, நடையைத் துடைத்துவிட்டு அந்த அறைக்குத் தனியே போனேன். மங்கல் வெளிச்சம். எங்கிருந்தோ ஊதுபத்தி வாசம். கால் தானாகவே சப்பாத்தைக் கழற்றி வாசலில் விட்டது. பிள்ளையார் கோயில் பழக்கம்.

துடைத்து முடித்துத் திரும்பினேன்.

சப்பாத்து இல்லை.

ஈர நடையில் என் சப்பாத்தின் தடம், வாசலிலிருந்து வெளியே போனது. ஒவ்வோர் அடியும் கோணல்.

நிமிர்ந்து படத்தைப் பார்த்தேன்.

முழுதும் வெறும் கடதாசி.

தர்மிளாவின் விசா போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பயம்கூட இரண்டாவதாகத்தான் வந்தது.

"சப்பாத்து எங்கை அண்ணை?"

"நடந்து போட்டுது."

கோசலை சிரிக்கவில்லை.

ழான்-மார்க் வந்தான். படத்தைப் பார்த்தான். எல்லாம் சரி என்று தலையாட்டினான். அடுத்த ஐந்து நாளும் பாரிஸ் சனம் அந்த வெறுமை முன்னால் தலை சாய்த்து நின்று பெருமூச்சு விட்டது. பிறகு அதைப் பத்திரமாகச் சுருட்டி ஜப்பானுக்கு அனுப்பினார்கள்.

எனக்கு நிரந்தரக் கடதாசி கிடைத்தது. அன்று பின்னேரமே, தர்மிளாவுக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டு, மார்க்ஸ் டோர்மோயில் என் அறைக்கு மூன்று மாடி ஏறினேன்.

வாசலில் என் சப்பாத்து. நனைந்திருந்தது. முனை உள்ளே பார்க்க, ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தது.

கதவு பூட்டியபடியே இருந்தது.

"இஞ்சாருங்கோ," என்றாள் தர்மிளா மெதுவாக, "ஆர் அங்கை நடக்கினம்?"

உள்ளே ஓர் அடி. ஒரு தடுமாற்றம். இன்னோர் அடி.

யாரோ வெறுங்காலில் நடந்து பழகிக்கொண்டிருந்தார்கள்.