திரும்பி வந்த டின்கள்

ஸ்டோர் அறைக்குள் ஏதோ ஒரு டின்னின் மூடி 'டொக்' என்றது.

கரீமா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மளிகைக் கடைக்காரிக்கு அந்தச் சத்தம் புதிதா என்ன? வெயில் ஏறினால் தகரக் கூரை முனகும், கெட்டுப்போன டின் வயிறு உப்பி மூடியை வெளியே தள்ளும். வெள்ளிக்கிழமை, மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. கணவர் நூர்தீன் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். மலேசியாவின் புலாவ் செபாங் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்தக் கடையின் ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு இறங்கிக் கிடந்தது. கரீமா ஸ்டூலில் உட்கார்ந்து, ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு, யாரையும் அழைக்காமல் இருந்தாள்.

மறுபடி 'டொக்'. இந்தத் தடவை மூடி உள்ளே போன சத்தம். உப்பிய மூடி வெளியே வரும், அது அவளுக்குத் தெரியும். யாரும் விரலால் அழுத்தாமல் அது எப்படி உள்ளே போகும்?

கரீமாவின் காதுக்கு அந்த வட்டாரத்தில் ஒரு பேர் இருந்தது. கோலா சுங்கை பாருவில் வாப்பாவின் கடையில் வளர்ந்தவள். ஒரு டின்னைக் காதோரம் வைத்து இரண்டு குலுக்குக் குலுக்கினால் உள்ளே இருப்பது சார்டினா, பட்டாணியா, லிச்சிப் பழமா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள். போன மாதம் வெள்ளம் வந்து ஸ்டோரில் இடுப்பளவு தண்ணீர் நின்று வடிந்தபோது டின்களில் ஒட்டியிருந்த லேபிள்கள் கூழாகிப் போயின. அடியில் பொறித்திருந்த எழுத்தைத் துரு தின்றுவிட்டது. "டின்னுக்கு ஒண்ணும் ஆகல, சட்டைதான் போச்சு" என்று அவள் சிரித்தாள். ஃபோட்டோஸ்டாட் கடையில் புது லேபிள் அடித்து, ஒவ்வொரு டின்னாகக் குலுக்கிக் கேட்டு, தானே ஒட்டினாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானைக்காவது சறுக்கிய உடனே தெரிந்துவிடும். கரீமாவுக்குத் தெரிய மூன்று வாரம் ஆயிற்று.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குக் காளான் சூப் டின் ஒன்றை அவளே உடைத்தாள். சட்டியில் ஊற்றிச் சூடாக்கியதும் நண்டு வாசனை வந்தது. அதே வெள்ளை, அதே கெட்டி, நடுநடுவே அதே மாதிரிப் பொடித் துணுக்குகள். கண்ணால் பார்த்தால் படைத்தவனுக்கே வித்தியாசம் தெரியாது. காதுக்கும் தெரியவில்லை.

"கடை வாசல்ல எழுதிப் போட்டுடலாம் மச்சான்" என்றாள்.

நூர்தீன் ஒரே பிடியாக மறுத்தார். "எழுதிப் போட்டா நாளைக்கே ஹெல்த் ஆபீஸ்காரன் வந்து பூட்டுப் போட்டுட்டுப் போவான். பழைய சரக்கு, மாத்தித் தர்றோம்னு சொல்லி நான் ஒவ்வொண்ணா வாங்கிட்டு வந்துடறேன். நீ வாயத் திறக்காத புள்ள."

அவள் திறக்கவில்லை. அவருக்குக் கடை போய்விடுமே என்ற பயம். அவளுக்கோ தன் காதைப் பற்றி ஊர் சிரிக்குமே என்ற வெட்கம். இரண்டில் எது கேவலம் என்று கேட்டால் இரண்டும்தான். சாப்பிட்டவர்கள் சாப்பிட்டிருந்தார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. காளான் லேபிளோடு விற்றதில் உடைக்காத டின்கள் இருபத்தொன்று வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் திரும்பி வந்து ஸ்டோரின் கீழ்த்தட்டில் உட்கார்ந்துகொண்டன.

வராதவை இரண்டு. அந்த இரண்டும் சாந்தியிடம் இருந்தன.

சாந்தி ரயில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள். புருஷன் சுரேன் ஜொகூருக்கு லாரி ஓட்டுகிறான். எட்டு வயது மகள் தேவிஸ்ரீக்கு நண்டோ இறாலோ நாக்கில் பட்டால் போதும், உதடு வீங்கித் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனாலேயே சாந்தி எதை வாங்கினாலும் கரீமாவிடம் நீட்டிக் கேட்பாள். திங்கட்கிழமையும் கேட்டாள். "அக்கா, இதுல எறா நண்டு எதுவும் சேத்திருக்காங்களா? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கலா."

"சுத்தமான காளான் சாந்தி. நானே பாத்து ஒட்டினது. தைரியமாக் குடு."

நேற்று நூர்தீன் இரண்டு தடவை போனார், வீடு பூட்டிக் கிடந்தது. ஏன் பூட்டிக் கிடந்தது என்பது இன்று காலையில்தான் தெரிந்தது. பள்ளி வேன் ஓட்டும் நாகமுத்து சிகரெட் வாங்க வந்தவர், "சங்கதி தெரியுமாம்மா? சாந்தி மகளுக்கு நேத்து மூச்சே விட முடியல. நாந்தான் கிளினிக்குக்குத் தூக்கிட்டுப் போனேன். இழுப்புன்னு சொல்லி, மூக்குல காத்து வச்சு அனுப்பிட்டாங்க. இப்ப வீட்டுலதான் படுத்திருக்கு" என்றார்.

பிள்ளை பிழைத்துக்கொண்டதே என்று கரீமாவுக்கு முதலில் நிம்மதி. அடுத்த நிமிடமே இன்னொரு டின் ஞாபகம் வந்தது.

"தொழுதுட்டு நேரா அங்கதான் போறேன்" என்று தொப்பியை எடுத்துக்கொண்டே சொன்னார் நூர்தீன். "ஃபோன் கீன் பண்ணி எதையாவது உளறி வைக்காத. ஒரு மணி நேரந்தானே."

ஒரு மணி நேரம்தானே என்று அவளும் தனக்குச் சொல்லிக்கொண்டாள். அந்த இன்னொரு டின்னில் நிஜமாகவே காளான் இருக்கலாம். இழுப்பாகவே இருக்கலாம். டாக்டர் சொல்லாததையா நாம் சொல்லப்போகிறோம்?

டொக்.

இப்போது இரண்டு டின்கள். ஒன்றின் சத்தம் மற்றதைத் தொட்டுக்கொண்டு.

அவள் எழுந்து போய் ஸ்டோரின் திரையை விலக்கினாள். வெள்ளம் விட்டுப்போன சேற்று வாடையும் ஈர அட்டைப்பெட்டிகளின் புளிச்ச நாற்றமும் மூட்டையிலிருந்த கருவாட்டு வீச்சமும் ஒன்றாக முகத்தில் அடித்தன, டியூப் லைட் இரண்டு தரம் கண்ணடித்துவிட்டு எரிந்தது, பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலிருந்து மலாய் மொழியில் குத்பா பிரசங்கம் சுவரைத் தாண்டி முனகலாக வந்துகொண்டிருந்தது, அதற்கும் அடியில், தரைக்குப் பக்கத்தில், மெல்லிய விசில் மாதிரி ஏதோ ஒன்று இழுத்துக்கொண்டிருந்தது.

எலியாக இருக்கும் என்று குனிந்தாள். எலி இல்லை.

கீழ்த்தட்டில் முன்வரிசையில் இருந்த டின்னின் மூடி மெதுவாக மேலே எழும்பியது, நின்றது, உள்ளே இறங்கியது. இறங்கும்போது அந்த விசில். பக்கத்து டின் அதற்குப் பின்பாட்டுப் போல எழும்பி இறங்கியது. கரீமா பிஸ்மில்லாஹ் சொல்லிக்கொண்டே ஒன்றைக் கையில் எடுத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. நாற்பது வருடப் பழக்கம் விடுமா, கை தானாக அதைக் காதோரம் கொண்டுபோய்க் குலுக்கியது.

சூப் இல்லை. உள்ளே எதுவும் குலுங்கவில்லை. ஒரு சின்னத் தொண்டை, ஊசித் துவாரம் அளவுக்கு அடைத்துப்போன தொண்டை, காற்றை இழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

டின் கையிலிருந்து விழுந்து உருண்டது. உருண்டுகொண்டே மூச்சு வாங்கியது.

இப்போது எல்லாமே. இருபத்தொரு மூடிகளும். ஒன்றாக எழும்பின, ஒன்றாக இறங்கின. இழுப்பு. டொக். இழுப்பு. டொக். அவள் ஒட்டிய லேபிள்கள் ஒவ்வொரு மூச்சுக்கும் சுருங்கி விரிந்தன. தன்னையறியாமல் அவளும் அதே தாளத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அவை இழுக்கும்போது இழுத்தாள். அவை நின்றபோது நின்றாள்.

அடுத்த மூச்சு வரக் கொஞ்சம் நேரமாயிற்று.

அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம்.

அது யாருடைய மூச்சு என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவள் பயந்தது டின்களுக்கு இல்லை. கடையாவது, காதாவது, எல்லாம் நாசமாகப் போகட்டும். சாந்தியின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"சொல்லுங்கக்கா." பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தம்.

"தேவி... தேவி எப்படி இருக்கா?"

"இப்பப் பரவால்லக்கா. நேத்து பயந்தே போயிட்டேன். தொண்ட வலிக்குது, சோறு எறங்கலைன்னு காலைலேருந்து ஒரே அழுக. அதான் ஒங்க கடைச் சூப் இன்னொரு டின் இருந்துச்சே, அதச் சுட வச்சுக் குடுத்துருக்கேன். ஹால்ல ஒக்காந்து குடிச்சிட்டிருக்கா." மெஷின் ஓடியது. "ரொம்பச் சமத்துக்கா இன்னிக்கு. சத்தமே இல்ல."

"சாந்தி, அது நண்டு."

"என்னக்கா? மெஷின் ஓடுதுலா, கேக்கல."

"நண்டு! டின்னுல இருக்கறது நண்டு சாந்தி! நான்தான் தப்பா ஒட்டிட்டேன்! அவளப் போய்ப் பாரு!"

மெஷின் நின்றது. நாற்காலி சாயும் சத்தம். செருப்பில்லாத கால்கள் சிமெண்டுத் தரையில் ஓடின. "தேவி?" என்று ஒரு குரல். "தேவிம்மா?" ஒரு பீங்கான் கிண்ணம் உடைந்தது.

ஸ்டோரில் எல்லா மூடிகளும் ஒரே நேரத்தில் உள்ளே இறங்கின.

டொக்.

கரீமா காத்திருந்தாள். எழும்பு. ஒரே ஒரு தடவை. யா அல்லாஹ், ஒரே ஒரு தடவை.

எழும்பவில்லை. இறங்கிய மூடிகள் இன்னும் இறங்கின. தகரம் இறங்கக்கூடிய ஆழத்தையும் தாண்டி இறங்கின. டின்களின் இடுப்புகள் ஒடுங்கின. ஏதோ ஒரு கை உள்ளிருந்து பிடித்து இறுக்குவது போல இருபத்தொன்றும் சத்தமே இல்லாமல் நசுங்கிக்கொண்டு போயின. ஃபோனில் சாந்தி கத்திக்கொண்டிருந்தாள். அக்கா, அக்கா, புள்ள கண்ணத் தொறக்க மாட்டேங்குது, என்ன பண்றதுக்கா, சொல்லுங்கக்கா. கரீமா சொல்வதற்கு வாயைத் திறந்தாள். கீழ்த்தட்டில் டின்கள் இன்னும் ஒடுங்கிக்கொண்டே இருந்தன.