யாருக்கும் கொடுக்காத முகவரி

யாருக்கும் கொடுக்காத முகவரியிலிருந்து பதில் வந்தது.

இலக்கத்தைப் பிழையாக அடித்துவிட்டேன் என்றுதான் றஞ்சினி முதலில் நினைத்தாள். பிழைதான், பன்னிரண்டில் முடியவேண்டியதை இருபத்தொன்று என்று அடித்திருந்தாள். ஆனால் அந்த வகுப்பறைக் கணினிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் இலக்கமான ஐ.பி. முகவரியை அவற்றுக்கெல்லாம் கொடுத்தவளே அவள்தான். இருபத்தொன்றை எதற்கும் கொடுக்கவில்லை. இல்லாத முகவரிக்குப் 'பிங்' அனுப்பினால், ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டினதுபோல, கொஞ்சம் பொறுத்துப் பதில் இல்லை என்று திரையில் விழவேண்டும். இங்கே பதில் வரிவரியாக விழுந்துகொண்டிருந்தது.

தமிழ்நாட்டில், மண்டபம் அகதி முகாமில் படித்த கணினிப் படிப்பை நம்பித்தான் அவளும் கணவன் சாந்தரூபனும் இலுப்பைக்கடவைக்குத் திரும்பியிருந்தார்கள். கூரை போய்க் கிடந்த பழைய கந்தோர்க் கட்டடம் ஒன்றைத் திருத்தி வகுப்பறை ஆக்கியிருந்தார்கள். நாளைக்குத் திறப்பு. சாமான் வாங்க அவன் மன்னாருக்குப் போயிருந்தான். மாரி மழை புதுத் தகரத்தில் இடைவிடாமல் கொட்ட, பெயின்ற் மணத்துக்குள் எங்கோ சுவரிலிருந்து ஊறிய ஈரமண் மணமும் கலந்து, பின்னேரமே அறை இருண்டுபோயிருந்தது. அவளால் இருக்க முடியவில்லை. எழும்பினாள், கதவடிமட்டும் போனாள், திரும்பி வந்து திரையைப் பார்த்தாள். பிறகு அவனுக்குப் போன் எடுத்தாள்.

“இஞ்சருங்கோ, எனக்குத் தெரியாமல் புதுசா ஏதும் பூட்டினனீங்களோ?”

“இல்லையே. ஏன்?”

சொன்னாள்.

“பதில் வர எவ்வளவு நேரம் எடுக்குது?”

வரியின் முடிவில் நின்ற இலக்கத்தைப் பார்த்தாள். ஒரே அறைக்குள் என்றால் அது ஒரு மில்லிசெக்கனைத் தாண்டாது. இது ஆயிரத்துக்கு மேல் நின்றது.

“அப்ப அது கன தூரத்தில எங்கயோ நிக்குது,” என்றான். “பெட்டியில ஒவ்வொரு வயரா கழட்டிப் பார். பதில் நிக்கேக்க எதெண்டு தெரியும். நான் வெளிக்கிட்டிட்டன், வாறன்.”

எல்லாக் கணினிகளின் வயர்களும் வந்து சேரும் சிறிய பெட்டி மேசையில் இருந்தது. ஒன்றைக் கழற்றினாள், அதன் பச்சை வெளிச்சம் அணைந்தது. அடுத்ததையும் கழற்றினாள். தன் கணினியின் வயரை மட்டும் விட்டு மற்றதெல்லாம் கழற்றியாயிற்று.

பதில் நிற்கவில்லை. இலக்கம் மட்டும் குறைந்திருந்தது. தொள்ளாயிரம். பிறகு அறுநூறு.

கிட்ட வருகிறது.

பெட்டியின் மறுகரையில் இன்னொரு பச்சை வெளிச்சம் துடித்தது. அதில் ஒரு சாம்பல் நிற வயர். அவர்கள் இழுத்த வயரெல்லாம் நீலம். மேசைக்குக் கீழே இறங்கி, சுவரடியோடு போய், கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டைக்குள் அது நுழைந்தது. அந்தச் சுவருக்கு அப்பால் அறை ஏதும் இல்லை. சண்டைக்காலத்தில் இடிந்து மண் மூடிய பங்கர், ஒரு பதுங்குகுழிதான். உள்ளே இருந்தவர்களை யாரும் எடுக்கவில்லை என்று ஊரில் சொல்லியிருந்தார்கள்.

கழற்றப் பார்த்தாள். பெட்டியோடு இறுகியிருந்தது. ஓட்டையடியில் குந்தி, வயரைப் பிடித்து ஒருதரம் இழுத்தாள்.

கொஞ்சம் பொறுத்து, உள்ளிருந்து ஒரு இழுவை.

கை கூசியது. ஆனாலும் இரண்டுதரம் இழுத்தாள்.

இரண்டு இழுவை.

திரையில் இலக்கம் ஒன்றுக்கும் கீழே.

“றஞ்சினி?” துண்டிக்காமல் வைத்திருந்த போனில் அவன். “நிண்டிட்டுதோ?”

மேசையில் கிடந்த, கம்பி வெட்டும் குறட்டை எடுத்தாள். வயரை வெட்டினாள். பச்சை வெளிச்சம் அணைந்தது. திரையில் பதில் இல்லை என்று விழுந்தது. மறுபடியும். பதில் இல்லை.

அறுந்த முனை ஓட்டைக்குள் சறுக்கி மறைந்தது.

மழை. தகரம். அவளின் மூச்சு.

பிறகு முனை திரும்பி வெளியே வந்தது. அதைப் பிடித்தபடி விரல்கள். நனைந்து வெளிறியவை. நகங்களுக்குள் மண். அவை அவசரப்படவில்லை. வயரின் தோலை நகத்தால் உரித்தன. உள்ளே முறுகியிருந்த சின்ன வயர்களைப் பிரித்தன. ஒவ்வொன்றாக நீவி நேராக்கின. செம்மஞ்சள். பச்சை. நீலம். மண்ணிறம். பொருத்துவதற்கு ஆயத்தமாக, வரிசையாக.

அவள் கையில் மறுமுனை இருந்தது.

ஓட்டைக்குள்ளிருந்து இன்னொரு கை வந்தது. அவள் பக்கம் மெல்ல நீண்டு, அதைக் கேட்டு, விரிந்தது.